புதுச்சேரியில் எம்.ஆர்.ஐ. வைத்துப் பொய்யை ஆராய: முதல்முறை இறங்குபவர்களுக்கு

பொய் சொல்லும்போது மூளையில் எந்தப் பகுதி கூடுதலாக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வேட்டின் பொருள். 26 பேரை ஸ்கேன் செய்து முடிக்க எனக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆனது. மெஷின் ஓடியது மொத்தமே 30 மணி நேரம்தான். மற்றதெல்லாம் காகிதம், காத்திருப்பு, வரிசை தெரியாமல் செய்து பிறகு திருப்பிச் செய்த வேலை. கடலூர், புதுச்சேரி பக்கம் உளவியல், உடலியங்கியல், சமூகப்பணி படிக்கும் யாராவது இதே யோசனையோடு உட்கார்ந்திருந்தால், அந்தக் காத்திருப்பில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. முதலில் கேள்வியைச் சரிபாருங்கள்

எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் எம்.ஆர்.ஐ., பொய்யைப் படம் எடுப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி கூடுதலாக உழைத்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த மாற்றத்தைத்தான் மெஷின் பிடிக்கிறது. அதுவும் உடனே தெரியாது, உச்சத்துக்கு வர ஐந்தாறு வினாடி ஆகும். உண்மையை அடக்கி வைத்துவிட்டு வேறொன்றைச் சொல்ல மூளை படும் பாடு மூளையின் முன்பகுதிகளில் தெரிகிறது என்பதே இத்துறையின் அடிப்படை ஊகம். 2001இல் ஷான் ஸ்பென்ஸ் குழு இதை முதலில் காட்டியது. பொய்யான பதிலுக்குக் கூடுதல் நேரமும் ஆனது என்று அவர்கள் பார்த்தார்கள். 2002இல் டேனியல் லாங்லெபன் குழு ஒரு சீட்டைக் கொடுத்து, அது கையில் இருப்பதை மறைத்தால் 20 டாலர் உங்களுக்கே என்று சொல்லி ஸ்கேன் செய்தது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் பொதுமக்கள் பிரதிநிதியாக இருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "நீங்களே பொய் சொல்லச் சொல்லிட்டு, அவங்க அதைச் சொன்னா, அது எப்படிம்மா பொய்யாகும்? சொன்ன பேச்சைக் கேட்டாங்கன்னுதானே அர்த்தம்?" மூன்று பேராசிரியர்கள் கேட்காததை அவர் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது, ஒன்றரை மாதம் போனது. ஆனால் அந்தக் கேள்விதான் என் ஆய்வைக் காப்பாற்றியது.

நீங்கள் போகக்கூடிய வழிகள் இரண்டு. பொய் சொல்லச் சொல்லிவிட்டுப் பார்ப்பது ஒன்று. செய்வது எளிது, ஆனால் ஆய்வேட்டில் "அறிவுறுத்தப்பட்ட பொய்" என்று ஒவ்வொரு இடத்திலும் எழுத வேண்டும். பொய் சொல்ல வாய்ப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது இன்னொன்று. ஜோஷுவா கிரீனும் ஜோசப் பாக்ஸ்டனும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. காசு சுண்டினால் பூவா தலையா என்று மனதுக்குள் ஊகிக்க வேண்டும், சரியா தப்பா என்று அவர்களே சொல்லிப் பணம் பெறலாம். நம்ப முடியாத அளவுக்குச் "சரி" சொன்னவர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கணக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால் எந்தச் சுற்றில் பொய் சொன்னார் என்று தனியாகச் சொல்ல முடியாது. முதல் ஆய்வுக்கு முதல் வழியே போதும். இரண்டாவதற்கு ஆள் எண்ணிக்கை கூடுதலாக வேண்டும், ஆய்வின் உண்மையான நோக்கத்தைப் பங்கேற்பாளரிடம் மறைத்து ஆய்வு நடத்துவதற்கான தனி அனுமதியும் வேண்டும்.

2. கேள்விகளைத் தமிழில் எழுதும்போது

ஆங்கிலக் கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்துவிடாதீர்கள். என் முதல் வரைவில் "நீங்கள் சாவிக்கொத்தை எடுக்கவில்லையா?" என்று இருந்தது. நம் மொழியில் இதற்கு "ஆமாம்" என்றால் "ஆமாம், எடுக்கவில்லை" என்று அர்த்தம். சிலர் "எடுத்தேன்" என்ற பொருளிலும் ஆம் பட்டனை அழுத்தினார்கள். யார் பொய் சொன்னார், யாருக்குக் கேள்வி குழம்பியது என்று பிரிக்கவே முடியவில்லை. எதிர்மறைக் கேள்வி ஒன்றுகூட இருக்கக்கூடாது. "எடுத்தீர்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

என் அமைப்பு இது: ஒரு மேசை இழுப்பறையில் பணம் வைத்த உறை, சாவிக்கொத்து, கைக்கடிகாரம். பங்கேற்பாளர் தனியாக உள்ளே போய் உறை அல்லது சாவிக்கொத்து இரண்டில் ஒன்றை எடுத்துத் தன் பையில் ஒளிக்க வேண்டும். கைக்கடிகாரத்தை எடுத்து எங்களிடம் தர வேண்டும். ஸ்கேனில் மூன்றைப் பற்றியும் கேள்வி வரும். ஒளித்ததை மட்டும் மறுக்க வேண்டும். கைக்கடிகாரம் எதற்கு என்றால், தொட்ட பொருளின் பெயரைப் பார்த்தாலே மூளை விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பைப் பொய் என்று நினைத்துவிடாமல் இருக்க, தொட்டதும் உண்மையைச் சொல்வதுமான ஒரு பொருள் தேவை. பழைய ஆய்வுகள் பலவற்றின் மீது உள்ள விமர்சனமே இதுதான். உங்கள் கைடு "வேண்டாம், நேரம் கூடும்" என்றாலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கேள்விகளைத் திரையில் காட்ட சைக்கோபை என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் என் கணினியில் "கொ", "சௌ" எல்லாம் எழுத்து வேறு, கொம்பு வேறாக உடைந்து வந்தன. ஒவ்வொரு கேள்வியையும் படமாகச் சேமித்துக் காட்டினேன், பிரச்சினை தீர்ந்தது.

பதிலை வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். பேசினால் தலை ஆடும், தலை ஆடினால் தரவு போச்சு.

3. ஸ்கேன் மையத்திடம் முதல் கடிதம்

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மையம் "எத்திக்ஸ் அனுமதி கொண்டு வாங்க" என்னும். கமிட்டி "ஸ்கேன் மையத்தின் கடிதம் இணைக்கவும்" என்னும். நான் இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரம் அலைந்தேன். தீர்வு எளிது. கதிரியக்கத் துறைத் தலைவரிடம், "எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கிடைக்கும் பட்சத்தில் இத்தனை மணி நேரம் ஒதுக்கச் சம்மதம்" என்று ஒரே பத்தியில் கடிதம் வாங்குங்கள். கமிட்டிக்கு அது போதும்.

கடிதம் கேட்கப் போகும்போது இவற்றையும் கேட்டுவிடுங்கள்:

மெஷினின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா? 1.5இலும் செய்யலாம், ஆனால் 3இல் சிக்னல் நன்றாக வரும். எஃப்.எம்.ஆர்.ஐ.க்கான வேகமாகப் படமெடுக்கும் ஸ்கேன் முறை அந்த மெஷினில் திறந்திருக்கிறதா? நோயாளிகளுக்கு மட்டும் பயன்படும் மெஷினில் அதற்கான உரிமம் வாங்காமல் விட்டிருக்கலாம். தலையைச் சுற்றி மாட்டும் தலைச்சுருளில் கண்ணாடியும், அதில் தெரியும்படி திரையும் உண்டா? காந்த அறைக்குள் வைக்கக்கூடிய ஃபைபர் ஆப்டிக் பட்டன் பெட்டி இருக்கிறதா? இது வாங்க வேண்டுமென்றால் விலை லட்சங்களில் போகும். நான் வேறொரு நிறுவனத்திலிருந்து கடனாக வாங்கினேன், அதற்கே தனியாக ஒரு கடிதம், ஒரு உத்தரவாதப் பத்திரம்.

மிக முக்கியமாக: மூலத் தரவு முழுதாகக் கையில் கிடைக்குமா? என் முதல் ஒத்திகை ஸ்கேனுக்குப் பிறகு ஒரு சி.டி. கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் மருத்துவர் பார்ப்பதற்கான சில படங்கள்தான் இருந்தன. இரண்டு வினாடிக்கு ஒன்றாக எடுத்த நூற்றுக்கணக்கான மூளைப் படங்கள் அதில் இல்லை. திரும்பிப் போவதற்குள் மெஷினின் நினைவகத்திலிருந்தும் அழிந்துவிட்டன. இப்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்றைக்கே ஹார்ட் டிஸ்கில் எல்லா டைகாம் கோப்பையும் ஏற்றித் தருவீர்களா?" (ஸ்கேன் மெஷின் படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம்தான் டைகாம்.) டெக்னீஷியனின் தயவில்லாமல் இது நடக்காது. அவரை ஆய்வின் முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வேட்டில் பெயரைப் போடுங்கள்.

4. எத்திக்ஸ் கமிட்டிக்கான ஆவணங்கள்

உங்கள் கல்லூரிக் கமிட்டி பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் உயிரி மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலிக்கும் கமிட்டிகள் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கமிட்டியே இல்லாத கல்லூரி என்றால், பதிவு பெற்ற வேறொரு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டு அணுகலாம். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

நான் கொடுத்த கட்டு: ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளருக்கான தகவல் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும், சம்மதப் படிவம் இரண்டு மொழியிலும், தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வேறொருவர் மொழிபெயர்த்த பிரதி, காந்தப் பாதுகாப்புக் கேள்வித்தாள், கேள்விப் படங்கள் அத்தனையும், செலவுக் கணக்கு, என்னுடையதும் கைடுடையதுமான தன்விவரம், ஸ்கேன் மையக் கடிதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள். கமிட்டியின் கேள்விகள் அதிலிருந்துதான் வரும். உண்மையை மறைத்து நடத்தும் ஆய்வு என்றால், முடிந்ததும் பங்கேற்பாளரிடம் எல்லாவற்றையும் விளக்குவதற்கான தாளும் சேர்க்க வேண்டும்.

தகவல் தாளின் தலைப்பில் நான் "பொய் சொல்வோர் குறித்த ஆய்வு" என்று எழுதியிருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. "ஒரு விஷயத்தை மறைத்துப் பதில் சொல்லும்போது மூளை எப்படிச் செயல்படுகிறது" என்று மாற்றி, கமிட்டியிடம் திருத்தத்துக்கு மறுபடி அனுமதி வாங்கினேன். ஒரு சொல்லை மாற்றினாலும் அனுமதி வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

மருந்தோ சிகிச்சையோ இல்லாத இத்தகைய ஆய்வுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

5. ஆட்களைச் சேர்ப்பதும் காந்தப் பாதுகாப்பும்

எம்.ஆர்.ஐ. காந்தம் இரவு பகல் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் ஓடாவிட்டாலும் இரும்பை இழுக்கும். பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், காது உள்வைப்பு இவற்றையெல்லாம் படிவமே கேட்டுவிடும். படிவம் கேட்காததை நீங்கள் கேட்க வேண்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். உடலில் உலோகம் எதுவும் இல்லை என்று எல்லாக் கட்டத்திலும் "இல்லை" போட்டிருந்தார். பேச்சுவாக்கில் "என்ன வேலை அண்ணா?" என்று கேட்டேன். "படகுப் பட்டறையில வெல்டிங் வேலை, இருபது வருஷமா." கண்ணில் தூள் ஏதும் பட்டிருக்கிறதா என்றதற்கு, "அது அடிக்கடி படும்மா, நாங்களே துணி நுனியால எடுத்துடுவோம்" என்றார். கண்ணுக்குள் ஓர் இரும்புத் துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையையே பறித்துவிடலாம். கதிரியக்க மருத்துவரிடம் சொன்னோம், எக்ஸ்ரே பார்க்காமல் விட முடியாது என்றார். ஆய்வுக்காக அவருக்கு எக்ஸ்ரே எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. வந்து போன செலவைக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினோம். அதன்பிறகு வெல்டிங், லேத், கிரைண்டிங் மூன்றையும் பெயர் சொல்லியே கேட்டேன், தொலைபேசியிலேயே.

பெண்களிடம் தாலியைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கு இரும்பு. எந்த உலோகத்தையும் கழற்றாமல் உள்ளே விடவும் மாட்டார்கள். வந்த இடத்தில் திடீரென்று கழற்றச் சொன்னால் யாருக்கும் மனசு கஷ்டப்படும். நான் ஒரு மஞ்சள் கயிற்றுக் கண்டு வாங்கிப் பையிலேயே வைத்திருந்தேன். சங்கிலியை மாற்றிக்கொண்டு நிம்மதியாக உள்ளே போனார்கள். மெட்டி, கொண்டை ஊசி, ஜாக்கெட் கொக்கி, ஆண்களிடம் அரைஞாண் கயிற்றில் தொங்கும் தாயத்து, கைக்காப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "உலோகம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் தாயத்து நினைவுக்கு வராது. ஜரிகைத் துணியும் வேண்டாம், மையத்தின் பருத்தி உடையை மாற்றச் சொல்லுங்கள்.

வரும் முன் டீ, காபி குடித்தார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். காஃபின் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், நாம் அளப்பதே அதைத்தான். முந்தின நாள் மது குடித்தார்களா என்பதையும் தயங்காமல், தனியாக வைத்துக் கேளுங்கள்.

6. ஸ்லாட்டும் ஸ்கேன் நாளும்

நோயாளிகள் முடிந்த பிறகுதான் ஆய்வுக்கு இடம். எனக்குக் கிடைத்தது இரவு எட்டு மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை. பக்கவாதமோ விபத்தோ வந்தால் உங்கள் ஸ்லாட் போய்விடும், போகவும் வேண்டும். வாரத்துக்கு ஐந்து கிடைத்தால் நான்கு நடக்கும் என்று கணக்கு வையுங்கள்.

கடலூரிலிருந்து வரும் பெண்களுக்கு இரவு ஸ்லாட் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், துணைக்கு வருபவரின் செலவையும் சேர்த்துக் கொடுத்து வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பஸ் கிடைக்குமா என்ற கவலையோடு உள்ளே படுத்திருப்பவரின் மூளையில் நீங்கள் எதைப் பார்த்தாலும் அதில் அந்தக் கவலையும் இருக்கும்.

ஒருவருக்கு மொத்தம் இரண்டு மணி நேரம். பாதுகாப்புக் கேள்விகள் கால் மணி, வெளியே மடிக்கணினியில் பட்டன் பயிற்சி கால் மணி, இழுப்பறை வேலை பத்து நிமிடம். ஸ்கேனுக்குள் உடற்கூறுப் படம் ஐந்து நிமிடம், பிறகு ஆறு நிமிடச் சுற்று நான்கு. இடையில் பேச்சுக் கொடுங்கள், "சரியா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டால் போதும். மெஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காது அடைப்பான் கட்டாயம். அந்த இரைச்சலிலும் தூங்கிவிடுவார்கள், பதில் வராத சுற்றுகளைக் கவனியுங்கள்.

7. செலவு

என் கணக்கு இது. உங்களுடையது மாறும், ஆனால் எந்தெந்தத் தலைப்பில் பணம் போகும் என்று தெரியும். ஸ்கேன் மணிக்கு 3,500 ரூபாய் என்று பேசி முடித்தோம், ஒத்திகை 4, ஆய்வு 26, ஆக 30 மணிக்கு 1,05,000. பங்கேற்பாளருக்குப் பயணமும் நேரமும் சேர்த்து ஆளுக்கு 500, மொத்தம் 13,000. ஹார்ட் டிஸ்க் இரண்டு 10,000. மொழிபெயர்ப்பு, தட்டச்சு, நகல் 6,000. உடற்கூறுப் படங்களை மருத்துவர் பார்த்துச் சொல்ல ஆளுக்கு 300, மொத்தம் 7,800. கூட்டினால் 1,41,800 ரூபாய்.

ஒத்திகை ஸ்கேனைச் செலவு மிச்சம் என்று விடாதீர்கள். பங்கேற்பாளருக்கு அளவுக்கு மீறிப் பணம் கொடுப்பதையும் கமிட்டி ஏற்காது, பணத்துக்காக ஆபத்தை மறைத்து வந்துவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை சரியானது.

8. தரவு வந்த பிறகு

அன்றிரவே இரண்டு பிரதி எடுங்கள். டைகாம் கோப்புக்குள் பங்கேற்பாளரின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், நீக்கிவிட்டு எண் கொடுங்கள். உடற்கூறுப் படத்திலிருந்து முகத்தையே வடித்துவிட முடியும் என்பதால், யாரிடமும் பகிரும் முன் முகப்பகுதியை அழிக்க வேண்டும். ஆய்வு மென்பொருளில் எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ. இரண்டும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். எஸ்.பி.எம். இலவசம்தான், ஆனால் அதன் வழக்கமான வடிவத்துக்கு மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் உரிமம் வேண்டும். எந்த முறையில் அலசப் போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதித் தேதியிட்டு வையுங்கள். என் 26 பேரில் இரண்டு பேர் தலை அசைவால், ஒருவர் தூக்கத்தால், ஒருவர் பட்டனை மாற்றி அழுத்தியதால் விலக்கப்பட்டார்கள். ஆகவே நான்கைந்து பேர் கூடுதலாகவே திட்டமிடுங்கள். அலச மட்டும் ஆறு மாதம் ஆனது.

ஸ்கேனில் எதிர்பாராமல் கட்டியோ வேறு குறையோ தெரிந்தால் யார், எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் கமிட்டிக்கான திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பொறுப்பு மருத்துவருடையது. நீங்கள் திரையைப் பார்த்து முகம் மாறாமல் இருந்தாலே போதும்.

9. "எங்க ஆளை டெஸ்ட் பண்ணித் தாங்க" என்று வருபவர்கள்

வருவார்கள். ஆய்வு நடப்பது தெரிந்ததும், கடைப் பையன் கல்லாவில் கை வைத்தானா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி ஒருவர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், நிஜமாகவே அது முடியும் என்று நம்பினார். அவரிடம் நான் சொன்னது இதுதான். எங்கள் முடிவெல்லாம் இருபது முப்பது பேரின் சராசரி. ஒரு தனி மனிதன் ஒரு தனிக் கேள்விக்குச் சொன்ன பதில் உண்மையா என்று அது சொல்லாது. 2011இல் ஜார்ஜியோ கானிஸ் குழு ஓர் ஆய்வில் மறைத்தவர்களை 100 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தது. அதே ஆட்களிடம், சம்பந்தமில்லாத சில கேள்விகளின்போது கைவிரலையோ கால்விரலையோ வெளியே தெரியாமல் அசைப்பதுபோன்ற உத்தியைக் கற்றுக்கொடுத்ததும் அது 33 சதவீதமாக விழுந்தது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் தீர்ப்பளித்தது. மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ அனாலிசிஸ், பொய் கண்டறியும் கருவியான பாலிகிராஃப், மூளை அலைகளைப் பதிவு செய்யும் பிரெயின் மேப்பிங் எதையும் ஒருவரின் சம்மதமில்லாமல் கட்டாயப்படுத்திச் செய்யக்கூடாது. முதலாளி சொல்லி வேலைக்காரப் பையன் தரும் சம்மதம் சம்மதம் ஆகாது.

சம்மதப் படிவத்தில் ஒரு வரி கண்டிப்பாகச் சேருங்கள்: "தங்களைப் பற்றிய தனிப்பட்ட முடிவு எதுவும் குடும்பத்தினர், முதலாளி, காவல் துறை உட்பட யாருக்கும் தரப்படாது." ஆய்வு முடிந்து நான்கு மாதம் கழித்து ஒரு பங்கேற்பாளரின் அண்ணன் வந்தார். தங்கை காதலை மறைக்கிறாள், உங்களிடம் அவள் மூளைப் படம் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் படிவத்தின் வெற்றுப் பிரதியை எடுத்து, அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து போனார்.